எச்ஐவி புகுந்த செல்லைக் காட்டிக் குடுக்குற குட்டி மூலக்கூறுகள் – வாங்க பேசலாம்

வேதி_வாசு:
எச்ஐவி வந்தவங்க உடம்புல ஆன்டிபாடி இல்லாம இல்லைங்க, நிறையவே இருக்கு. டெஸ்ட்ல பாசிட்டிவ்னு காட்டுறதே பெரும்பாலும் அந்த ஆன்டிபாடிதான். அப்புறம் ஏன் அது வைரஸ் புகுந்த செல்லை ஒண்ணும் பண்ண முடியாம சும்மா சுத்திக்கிட்டு இருக்கு? இந்தக் கேள்விக்குக் கிடைச்ச பதிலும், அதை வச்சு வேதியியல்காரங்க பண்ற மருந்து வடிவமைப்பும் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதான் இந்த இழை.

அடிப்படையிலேர்ந்து வர்றேன். வைரஸ் மேல துருத்திக்கிட்டு நிக்கிற ஸ்பைக்க என்வ்னு சொல்வாங்க. மூணு ஜிபி120, மூணு ஜிபி41 சேர்ந்தா ஒரு ஸ்பைக். வைரஸ் புகுந்த செல் புது வைரஸ் தயாரிக்கிறப்ப இதே ஸ்பைக் அந்த செல்லோட மேல்பரப்புலயும் வெளிய தெரியும், ஆக "இந்த செல்லுக்குள்ள வைரஸ் இருக்கு"ங்குறதுக்கு அடையாளம் வெளியவே இருக்கு. ஆனா ஜிபி120-ஓட எடையில கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான், தேங்காய மட்டை மூடியிருக்குற மாதிரி அந்த சர்க்கரை புரதத்தை மூடி வச்சிருக்கு. அதுவும் பத்தாதுன்னு ஸ்பைக் பெரும்பாலும் மூடுன நிலையிலயே இருக்கும். சிடி4-ங்குற புரதத்துல போய் ஒட்டுனாதான் திறந்துக்கிட்டு உள்ள மறைஞ்சிருந்த பகுதிய வெளிய காட்டும். இது ஓயாம உருவம் மாறி ஆடிக்கிட்டே இருக்குற புரதம்னு ஒத்தை மூலக்கூறு அளவுல அளந்தே காட்டிட்டாங்க, 2014-ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு.

இப்ப முக்கியமான எடம். நோயாளி உடம்புல உண்டாகுற ஆன்டிபாடியில பெரும்பகுதி இந்தத் திறந்த நிலையிலதான் ஒட்டும், மூடுன ஸ்பைக்க அதுக்கு அடையாளமே தெரியாது. சரி, வைரஸ் புகுந்த செல் சிடி4 டி செல்தானே (நோய் எதிர்ப்பு வெள்ளணுல ஒரு வகை), அது மேலயே சிடி4 இருக்குமே, அந்த சிடி4-ல ஸ்பைக் ஒட்டித் திறந்துக்கணுமேன்னு கேட்டீங்கன்னா, அங்கதான் வைரஸ் வேலையக் காட்டுது. நெஃப், விபியு-ன்னு ரெண்டு புரதத்தை விட்டு செல் மேல இருக்குற சிடி4-அ எல்லாம் கீழ எறக்கி அழிச்சிடுது. மான்ட்ரியல்ல ஆந்த்ரே ஃபின்ஸி குழு நெஃபும் விபியுவும் இல்லாத வைரஸை வச்சுப் பாத்தாங்க, அந்த செல்லுங்க மேல சிடி4 மிச்சம் இருந்துச்சு, ஸ்பைக் திறந்துச்சு, நோயாளிங்க ரத்தத்துல இருக்குற சாதா ஆன்டிபாடியே போய் ஒட்டி செல்லக் கொல்ல வச்சிருச்சு. அப்ப வைரஸ் எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டு சிடி4-அ எறக்குதுன்னு புரியுதா?

அப்ப சிடி4 மாதிரியே நடிக்கிற ஒரு குட்டி மூலக்கூறை வெளியிலேர்ந்து குடுத்தா? அதான் சிடி4 மிமெட்டிக். 2015-ல பிஎன்ஏஎஸ் இதழ்ல இதை செய்ஞ்சே காட்டிட்டாங்க, மூலக்கூறைச் சேத்ததும் நோயாளிகளோட சொந்த ஆன்டிபாடி வைரஸ் புகுந்த செல்ல அடையாளம் கண்டுபிடிச்சுது, என்கே செல் (கெட்டுப்போன செல்லைக் கொல்லுற வெள்ளணு) வந்து கொன்னுது.

ஜெகன்_பயோடெக்:
அண்ணா செம. ஒரு டவுட். சிடி4 அவ்ளோ பெரிய புரதம், ஒரு குட்டி மூலக்கூறு எப்படி அதோட வேலைய செய்ய முடியும்? புரதமும் புரதமும் ஒட்டுற எடம்லாம் தட்டையா பெருசா இருக்கும், அதுக்கு மருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு எங்க மேடம் சொல்லிட்டே இருப்பாங்க

வேதி_வாசு:
ஜெகன், உங்க மேடம் சொன்னது சரிதான், ஆனா இங்க ஒரு அதிர்ஷ்டம் அடிச்சுது. 1998-ல பீட்டர் குவாங், வேய்ன் ஹென்ட்ரிக்ஸன், ஜோசப் சோட்ராஸ்கி எல்லாரும் சேர்ந்து ஜிபி120, சிடி4, கூடவே 17பி-ங்குற ஆன்டிபாடி, மூணும் ஒட்டியிருக்குற கிரிஸ்டல் அமைப்பை வெளியிட்டாங்க. அதுல பாத்தா ஒட்டுற பரப்பு பெருசுதான், ஆனா சிடி4-ஓட 43-வது எடத்துல இருக்குற ஃபீனைல்அலனின் ஒண்ணு மட்டும் நீட்டிக்கிட்டுப் போய் ஜிபி120-ல ஒரு குழியோட வாயில உக்காந்திருக்கு. அந்தக் குழிக்கு ஃபீ43 குழின்னே பேர். புரதம் புரதம் ஒட்டுற எடத்துல இப்படி ஒரு குழி கிடைக்கிறது அபூர்வம்.

2005-ல நியூயார்க் பிளட் சென்டர்ல வைரஸ் உள்ள நுழையுறதைத் தடுக்குற மூலக்கூறைத் தேடி நிறைய சேர்மங்களை ஸ்க்ரீன் பண்ணப்ப என்பிடி-556-ன்னு ஒண்ணு மாட்டுச்சு. மூலக்கூறு எடை வெறும் 338. மூணே பகுதி: ஒரு முனையில பாரா எடத்துல குளோரின் வச்ச பென்சீன் வளையம், நடுவுல ஆக்சலமைடு, இன்னொரு முனையில நாலு மீத்தைல் ஒட்டுன பிப்பெரிடின் வளையம். அந்த குளோரின் வச்ச வளையம் நேரா ஃபீ43 குழிக்குள்ள இறங்கிடும், சிடி4-ஓட ஃபீனைல்அலனின் வாயில உக்காந்துச்சுன்னா இது அதவிட ஆழமா போகும், குளோரின் குழியோட உள்பக்கம் பாத்து நிக்கும். ஆக்சலமைடு குழியோட கழுத்துல, பிப்பெரிடின் வெளிய.

அப்படி உக்காந்ததும் ஜிபி120 சிடி4 ஒட்டுன மாதிரியே உருவம் மாறிடுது. வெப்ப இயக்கவியல் அளந்து பாத்தா கூட, சிடி4 ஒட்டுறப்ப எப்படி என்ட்ரோபி பயங்கரமா இழக்குமோ (அதாவது ஆடிக்கிட்டிருந்த புரதம் இறுகி அடங்குமோ) அதே பாணி. சின்னதா இருந்தாலும் அது குடுக்குற சிக்னல் அதே சிக்னல்.

இன்பா:
வாசு, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா ஒரு ஆபத்த சொல்லாம விட்டுட்டீங்க. என்பிடி-556 ஸ்பைக்க திறந்துவிடுதுன்னா கோரிசெப்டர் (சிடி4-க்கு அடுத்து வைரஸ் உள்ள நுழையப் பிடிக்கிற ரெண்டாவது புரதம், பெரும்பாலும் சிசிஆர்5) ஒட்டுற எடமும் வெளிய வருதுல்ல. சிடி4 இல்லாத, சிசிஆர்5 மட்டும் இருக்குற செல்லுக்குள்ள கூட இந்த மூலக்கூறு இருந்தா வைரஸ் நுழையுதுன்னு காட்டியிருக்காங்களே. நோயைத் தடுக்குறேன்னு சொல்லி புது செல்லுக்கு வழி காட்டுறது எப்படி மருந்தாகும்?

வேதி_வாசு:
இன்பா, வாங்க, நீங்க வருவீங்கன்னு தெரியும் 🙂 சரியான எடத்துல கை வச்சிருக்கீங்க. அந்த மொதல் தலைமுறை மூலக்கூறுக்கு அந்தக் குறை இருந்துச்சு, மறுக்க முடியாது. அதுக்கப்புறம் நடந்த வடிவமைப்பு வேலை முழுக்க அதைச் சுத்திதான். பாஸ்டன் டானா-ஃபார்பர்ல சோட்ராஸ்கி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஆமோஸ் ஸ்மித் (கரிம வேதியியல்ல பெரிய ஆளு), கிரிஸ்டலுக்கு ஹென்ட்ரிக்ஸன், நோய் எதிர்ப்பு பக்கம் ஃபின்ஸி. இவங்க சேர்ந்து வருஷக்கணக்கா ஒவ்வொரு அணுவா மாத்தி மாத்திப் பாத்தாங்க.

சிடி4 ஒட்டுறதுல இன்னொரு முக்கியப் பிடிப்பு இருக்கு, அதோட 59-வது அர்ஜினின் ஜிபி120-ஓட 368-வது ஆஸ்பார்டேட்டைப் பிடிச்சுக்கும், ஒண்ணு நேர் மின்னேற்றம் ஒண்ணு எதிர் மின்னேற்றம். என்பிடி-556 இந்தப் பிடிப்பைத் தொடவே இல்ல. அதனால பிப்பெரிடினைத் தூக்கிட்டு இண்டேன்ங்குற வளைய அமைப்பைப் போட்டாங்க, அதுலேர்ந்து நேர் மின்னேற்றம் உள்ள குவானிடினியம் கை ஒண்ணு நீட்டி அந்த ஆஸ்பார்டேட் பக்கம் கொண்டுபோனாங்க. குளோரின் பக்கத்துல ஒரு ஃப்ளோரினும் சேத்தாங்க. இப்படித்தான் டிஎம்ஜே வரிசை, அதுக்கப்புறம் பிஎன்எம்-III-170 வந்துச்சு. வைரஸைத் தடுக்குற வீரியமும் ஏறுச்சு, சிடி4 இல்லாத செல்லுக்கு வழி காட்டுற குணமும் வெகுவா குறைஞ்சுது. இப்ப இண்டேனுக்குப் பதிலா இண்டோலின் போட்ட சிஜேஎஃப்-III-288 இன்னும் பல படி மேல.

இன்னொண்ணு, சுத்தியிருக்குற வைரஸோட ஸ்பைக் இந்த மூலக்கூறு பட்டு திறந்துச்சுன்னா கொஞ்ச நேரம்தான் துடிப்பா இருக்கும். பக்கத்துல செல் கிடைக்கலன்னா அப்படியே செயலிழந்துடும், திரும்ப மூடி பழைய நிலைக்கு வராது. ஆபத்தை சின்ன விஷயம்னு நான் சொல்லல, ஆனா வேதியியலால சரிபண்ணக் கூடிய ஆபத்து இது.

மலர்விழி_கவுன்சிலர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு அரசு மருத்துவமனை ஏஆர்டி மையத்துல (எச்ஐவிக்கு கூட்டு மருந்து குடுக்குற எடம்) கவுன்சிலரா இருக்கேன். வேதியியல் பாதி புரியல, பாதி புரிஞ்சுது, புரிஞ்ச பாதியே சந்தோஷமா இருக்கு. ஆனா எங்ககிட்ட வர்றவங்க யூட்யூப்ல "எச்ஐவிய முழுசா குணமாக்கும் மருந்து"ன்னு பாத்துட்டு வந்து அக்கா இனிமே கூட்டு மருந்த நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க. போன மாசம் கூட ஒரு தம்பி, நல்லா இருக்கான், வைரல் லோட் (ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இருக்கு, கல்யாணம் நிச்சயமாகியிருக்கு, அவனும் இதையேதான் கேட்டான். நீங்க எழுதுறத யாராவது அப்படி எடுத்துக்கக் கூடாது, அதுக்கு ஒரு வார்த்தை தெளிவா சொல்லிடுங்க தம்பி.

வேதி_வாசு:
அக்கா, நீங்க வந்து கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு. யாரா இருந்தாலும் இதைப் படிச்சிட்டு கூட்டு மருந்தை ஒரு நாள் கூட விடாதீங்க. இந்தச் சேர்மங்க இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கு, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற மாத்திரை இல்ல. கூட்டு மருந்து வைரஸை அடக்கி வச்சிருக்கும், நிறுத்துனா பெரும்பாலும் சில வாரத்துலயே திரும்பிடும். ஏன்னா சில டி செல்லுங்களுக்குள்ள வைரஸோட மரபணு சத்தமே இல்லாம தூங்கிக்கிட்டு இருக்கு. அந்தத் தேக்கம் தானா குறைஞ்சு தீரணும்னா 70 வருஷத்துக்கு மேல ஆகும்னு 2003-லயே கணக்கு போட்டுட்டாங்க. அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, வைரல் லோட் கண்டறிய முடியாத அளவுலயே நீடிச்சா உடலுறவு மூலமா துணைக்கு பரவாது, அந்த நெலமையக் காப்பாத்துறது தினமும் போடுற அந்த மாத்திரைதான்.

மலர்விழி_கவுன்சிலர்:
நன்றி தம்பி. 2004 ஏப்ரல்ல அரசாங்கம் இலவசமா கூட்டு மருந்து குடுக்க ஆரம்பிச்சப்ப மொதல்ல தொடங்குன மையங்கள்ல தாம்பரமும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி இருந்த நெலமைய சீனியர் அக்காங்க சொல்லக் கேட்டா நெஞ்சு அடைக்கும். 1986-ல இந்தியாவுலயே மொதல்முறையா இதை ரத்தத்துல கண்டுபிடிச்சதும் சென்னைலதான், டாக்டர் சுனிதி சாலமனும் அவங்ககிட்ட படிச்ச நிர்மலாவும். அதனால மருந்து எந்த ஊர்ல செஞ்சாலும் நமக்கும் அதுல அக்கறை இருக்கு.

இன்பா:
வாசு அக்காகிட்ட சொன்ன அந்த தூங்குற செல் விஷயம்தான் என்னோட அடுத்த கேள்வியும். தூங்குற செல் ஸ்பைக்கே தயாரிக்காது. ஸ்பைக் இல்லாத செல்லுல சிடி4 மிமெட்டிக் எதைத் திறக்கும்? அப்ப இது குணப்படுத்துற வழின்னு எப்படி சொல்றது? 2012-ல வோரினோஸ்டாட்ங்குற மருந்தைக் குடுத்து தூங்குற வைரஸை எழுப்பிக் காட்டுனாங்க, எழுந்துச்சு, ஆனா செல்லு சாகல, தேக்கமும் குறையல.

வேதி_வாசு:
எழுந்த செல்லு தானா சாகலைங்குறதுதான் இந்த ஆராய்ச்சி தேவைங்குறதுக்கே காரணம் இன்பா. எழுப்புற மருந்து ஒண்ணு, எழுந்ததை ஆன்டிபாடி பாக்குற மாதிரி காட்டிக் குடுக்குற மருந்து இன்னொண்ணு, ரெண்டும் சேர்ந்தாதான் வேலை. எழுப்பிட்டு மூடுன ஸ்பைக்கோட விட்டா நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பாக்காமத்தான் போகும்.

ஆனா நீங்க சொல்ற அளவுக்கு கை விரிக்கவும் வேண்டாம். 2021-ல செல் ஹோஸ்ட் அண்ட் மைக்ரோப் இதழ்ல யேல் பல்கலைக்கழக ப்ரிதி குமார் குழுவும் ஃபின்ஸி குழுவும் சேர்ந்து மனுஷ நோய் எதிர்ப்பு செல் ஏத்துன எலியில பிஎன்எம்-III-170-ஐயும் ஆன்டிபாடியையும் சேத்துக் குடுத்தாங்க. தேக்கத்தோட அளவு குறைஞ்சுது, கூட்டு மருந்தை நிறுத்துனப்ப வைரஸ் திரும்புறது தள்ளிப்போச்சு. எலிதான், மனுஷன் இல்ல. ஆனா மூலக்கூறு, ஆன்டிபாடி, என்கே செல் மூணும் உயிருள்ள உடம்புக்குள்ள சேர்ந்து வேலை செய்யுதுன்னு அதுல தெரிஞ்சுபோச்சு.

அந்த வேலை நடக்குற வரிசை கூட அழகா இருக்கும். மூலக்கூறு குழிக்குள்ள உக்காந்து ஸ்பைக்க கொஞ்சம் திறக்கும். ஒடனே கோரிசெப்டர் எடத்துல ஒட்டுற 17பி மாதிரி ஆன்டிபாடி வந்து ஒட்டி இன்னும் திறக்கும். அதுக்கப்புறம்தான் ஏ32 மாதிரி, ஜிபி120-ஓட உள்பக்கத்துல ஒட்டுற ஆன்டிபாடிக்கு எடம் கிடைக்கும். அதோட வால்பகுதி என்கே செல்லோட சிடி16-அ (ஆன்டிபாடியோட வாலைப் பிடிக்கிற புரதம்) நல்லா பாக்குற மாதிரி வெளிய நிக்கும், என்கே செல் பெர்ஃபோரின் விட்டு ஓட்டை போட்டு கிரான்சைம் உள்ள அனுப்பும், செல் காலி. மூலக்கூறை மட்டும் தனியா குடுத்து, இல்ல ஏ32-ஐ மட்டும் தனியா குடுத்து இது நடக்காது. இந்த ரெண்டு வகை ஆன்டிபாடியும் நோயாளிங்க ரத்தத்துல சாதாரணமாவே இருக்குங்குறதுதான் இதுல பெரிய விஷயம்.

கார்த்தி_ஃபார்மா:
நானும் சேந்துக்கறேன். ஆன்டிபாடிய செல்லுக்குக் கொண்டுவர இன்னொரு டிசைனும் இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப அழகாப் படும். யேல்ல டேவிட் ஸ்பீகல் குழு 2009-ல வெளியிட்ட ஏஆர்எம்-எச். ஒரே மூலக்கூறுல ரெண்டு தலை. ஒரு தலை ஜிபி120-ல ஒட்டும், அது பிஎம்எஸ்-378806-ங்குற நுழைவுத் தடுப்பானோட உறவுக்கார அமைப்பு. இன்னொரு தலை டைநைட்ரோஃபீனைல், சுருக்கமா டிஎன்பி. டிஎன்பிக்கு எதிரான ஆன்டிபாடி நம்ம பெரும்பாலானவங்க ரத்தத்துல ஏற்கனவே இருக்கு, எச்ஐவி வந்திருக்கணும்னு கூட அவசியம் இல்ல. ரெண்டு தலைக்கும் நடுவுல பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி. ஒரு பக்கம் வைரஸ் செல்லு, இன்னொரு பக்கம் ரெடியா இருக்குற ஆன்டிபாடி, இது நடுவுல பாலம் போட்டு ஒட்ட வச்சிரும். கூடவே சிடி4 ஒட்டுறதையும் தடுக்கும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

வேதி_வாசு:
கார்த்தி, ஏஆர்எம்-எச் எனக்கும் பிடிக்கும், வேற வேலைக்கு இருந்த ஆன்டிபாடிய இந்த வேலைக்குத் திருப்பிவிடுற யோசனை சாதாரணமானது இல்ல. ஆனா எதுல உழைப்பைப் போடணும்னு என்கிட்ட கேட்டா நான் சிடி4 மிமெட்டிக் பக்கம்தான் நிப்பேன். மூணு பேர் சேர்ற பாலத்துல ஒரு சிக்கல் இருக்கு, மூலக்கூறு அளவுக்கு மீறி சேர்ந்தா ஒவ்வொரு ஆன்டிபாடிலயும் ஒரு மூலக்கூறு, ஒவ்வொரு ஸ்பைக்லயும் வேற ஒரு மூலக்கூறுன்னு தனித்தனியா உக்காந்துடும், பாலமே விழாது. அப்புறம் டிஎன்பி ஆன்டிபாடியோட அளவு ஆளுக்கு ஆள் மாறும். இந்தப் பக்கம் பாத்தா வைரஸுக்குன்னே உண்டான ஆன்டிபாடி ஏற்கனவே ஏராளமா இருக்கு, அது பாக்குற மாதிரி ஸ்பைக்க வச்சா போதும்.

ஜெகன்_பயோடெக்:
அப்ப பெருசா பேசுறாங்களே பிராட்லி நியூட்ரலைசிங் ஆன்டிபாடி (பல வகை எச்ஐவியையும் தடுக்குற ஆன்டிபாடி), விஆர்சி01 மாதிரி, அதை ஏத்துனா போதாதா அண்ணா?

இன்பா:
இதுக்கு நான் சொல்றேன் ஜெகன். அந்த மாதிரி ஆன்டிபாடி மூடுன ஸ்பைக்லயே ஒட்டும், அதான் அதோட மகிமை. ஆனா நோயாளிங்கள்ல கொஞ்சப் பேருக்குத்தான் தானா உண்டாகும், மத்தவங்களுக்கு வெளியிலேர்ந்து ட்ரிப்ஸ்ல ஏத்தணும், செலவு அதிகம். விஆர்சி01-அ ஏத்துனா எச்ஐவி தொத்தாம தடுக்குமான்னு பண்ண ஏஎம்பி ட்ரையல் முடிவு 2021-ல வந்துச்சு, அதுக்கு மசியுற வகை வைரஸை சுமார் 75 சதவீதம் தடுத்துச்சு, ஆனா புழக்கத்துல இருந்த பெரும்பாலான வைரஸ் அதுக்கு மசியல. சாதா ஆன்டிபாடி ஒட்டுற எடம் ரொம்ப மாறாத எடம், அந்த ஆன்டிபாடியும் நோயாளிங்க உடம்புல ஏற்கனவே இருக்கு. இந்த விஷயத்துல வாசு பக்கம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன்.

கார்த்தி_ஃபார்மா:
சிடி4 மிமெட்டிக் எல்லா வகை எச்ஐவிலயும் வேலை செய்யாதே? தாய்லாந்து பக்கம் புழங்குற சிஆர்எஃப்01_ஏஈ வகையில கேக்காதுன்னு படிச்ச ஞாபகம்.

வேதி_வாசு:
சரியா சொன்னீங்க. ஜிபி120-ல 375-வது எடம் ஃபீ43 குழியோட சுவத்துல இருக்கு. பெரும்பாலான வகைகள்ல அங்க செரின், சின்ன அமினோ அமிலம், குழி காலியா இருக்கும். சிஆர்எஃப்01_ஏஈ-ல அங்க ஹிஸ்டிடின், பெரிய வளையம், குழியையே நிரப்பிடுது, அப்ப நம்ம குளோரின் வளையம் போய் உக்கார எடமே இல்ல. எனக்கு இதுல மனசு உறுத்துறது என்னன்னா, 2009-ல தாய்லாந்துல ஆர்வி144 தடுப்பூசி ட்ரையல்தான் 31 சதவீதம் பாதுகாப்பு காட்டுச்சு, அதை ஆராய்ஞ்சு பாத்தப்பதான், ஐஜிஏ ஆன்டிபாடி கம்மியா இருந்தவங்களுக்கு, ஆன்டிபாடி ஒட்டி என்கே செல்லை விட்டு செல்லைக் கொல்ல வைக்கிற இந்த வழி (ஏடிசிசின்னு பேர்) பாதுகாப்போட சேந்து வருதுன்னு ஒரு துப்பு கிடைச்சுது. ஏடிசிசி பக்கம் எல்லாரும் திரும்பிப் பாத்ததுக்கு அந்த ஊர் மக்கள் ஒரு பெரிய காரணம், ஆனா அங்க அதிகமா புழங்குற வைரஸுக்கே இந்த மூலக்கூறு எடுபடல. அதுக்கு ஒரு வழி பண்ணாம இதை முடிஞ்ச வேலைன்னு யாரும் சொல்லக் கூடாது.

மலர்விழி அக்கா கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், நம்ம நாட்டுல பெரும்பாலும் சி வகை, அதுல 375-ல பொதுவா செரின்தான், குழி காலி. அந்த ஒரு காரணத்தால நமக்கு வாசல் அடைபடல.

இன்பா:
இதுல இன்னொரு விஷயம் சேக்கணும். ஃபாஸ்டெம்சாவிர் தெரியும்ல, 2020 ஜூலைல அமெரிக்காவுல அனுமதி வாங்குனது, ருகோபியான்னு பேர். அதுவும் ஜிபி120-ல கிட்டத்தட்ட அதே பக்கத்துலதான் ஒட்டும், ஆனா நேர் எதிர் வேலை, ஸ்பைக்க மூடுன நிலையிலயே பிடிச்சு வச்சிரும். வைரஸ் உள்ள நுழையாம தடுக்குறதுக்கு அது நல்லது, வேற எந்த மருந்தும் கேக்காதவங்களுக்கு உயிர் காக்குற மருந்து. ஆனா ஸ்பைக் மூடியிருந்தா சாதா ஆன்டிபாடி பாக்க முடியாது. ரெண்டையும் ஒண்ணா குடுக்க முடியாதுன்னு நெனைக்கிறேன்.

வேதி_வாசு:
ஆமா, ஒரே எடத்துக்கு ரெண்டு பேரும் போட்டி, ஒண்ணு திறக்கும் ஒண்ணு மூடும், சேத்துக் குடுக்குறதுல அர்த்தமே இல்ல. இதுல எனக்குப் பிடிச்சது, சில அணு தள்ளி உக்காந்தா போதும், அதே புரதம் எதிர் திசையில போயிடுது. கார்த்தி சொன்ன ஏஆர்எம்-எச் கூட இந்த பிஎம்எஸ் குடும்பத்துல வந்ததுதான் பாருங்க.

ஜெகன்_பயோடெக்:
அண்ணா கார்ட்8 பத்தியும் சொல்லுங்க, செமினார்ல ஒரு சீனியர் சொன்னாங்க, எஃபாவிரென்ஸ் மாதிரி பழைய மருந்தே செல்ல கொல்ல வைக்குதாமே?

கார்த்தி_ஃபார்மா:
நான் சொல்றேன். 2021 சயன்ஸ் இதழ், லியாங் ஷான் குழு. எஃபாவிரென்ஸ், ரில்பிவிரின் மாதிரி என்என்ஆர்டிஐ வகை மருந்து வைரஸோட காக்-போல் புரதத்தை (வைரஸோட பல புரதங்க ஒண்ணா ஒட்டியிருக்குற நீளப் புரதம்) சோடி சேத்து வைக்குது, அதனால செல்லுக்குள்ள இருக்குறப்பவே வைரஸோட புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டுற நொதி) நேரத்துக்கு முன்னாடி முழிச்சுக்குது. நம்ம செல்லுல கார்ட்8-ங்குற காவல் புரதம் இருக்கு, அந்த புரோட்டியேஸ் இதை வெட்டுனதும் செல் தன்னையே வெடிச்சு அழிச்சுக்கும். ஆன்டிபாடி, என்கே செல் எதுவுமே தேவையில்ல. ஆனா தடுப்பு வேலைக்குத் தேவைப்படுறதைவிட அதிக செறிவு வேணும், ரத்தத்துல இருக்குற புரதங்க மருந்தைப் பிடிச்சு வச்சுக்கறதால எட்டுறது கஷ்டம். கார்ட்8-அ அடக்கி வைக்கிற டிபிபி9-ங்குற புரதத்தைத் தடுக்குற மூலக்கூறு சேத்தா கார்ட்8 சுலபமா உசுப்பப்படுதுன்னும் காட்டியிருக்காங்க.

மலர்விழி_கவுன்சிலர்:
எஃபாவிரென்ஸ் போட்டவங்களுக்கு கெட்ட கனவு, தலைசுத்தல்னு நான் கேட்ட புகாருக்கு அளவே இல்ல, இப்ப டோலுடெக்ராவிர் வந்தப்புறம்தான் நிம்மதி. அதிக செறிவுல குடுக்கணும்னா எனக்கு பயமா இருக்கு. வாசு தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இந்த சிடி4 மாதிரி மூலக்கூறு மனுஷங்களுக்கு வர என்னதான் தடை?

வேதி_வாசு:
அக்கா, எனக்குத் தெரிஞ்ச பெரிய தடை வீரியம். இந்தச் சேர்மங்க பல மைக்ரோமோலார் செறிவுலதான் நல்லா வேலை செஞ்சுது, மாத்திரையா வரணும்னா அதைவிட ரொம்பக் கம்மியான செறிவுல எல்லா வகை வைரஸையும் திறக்கணும். இண்டோலின் வரிசை அந்தப் பக்கம்தான் நகருது, அதனாலதான் சிஜேஎஃப்-III-288 மேல எனக்கு இவ்ளோ நம்பிக்கை. அடுத்து அந்த குவானிடினியம் கை, நேர் மின்னேற்றம் இருக்குறதால குடல் சவ்வைத் தாண்டுறது பொதுவாவே சிரமம், ஒண்ணு அதை எடுத்துட்டு வேற கை வைக்கணும், இல்ல உள்ள போய் மாறுற மாதிரி மறைச்சு அனுப்பணும். அப்புறம் நோயாளியோட என்கே செல் தெம்பா இருக்கணும், வருஷக்கணக்கா எச்ஐவியோட இருந்தவங்களுக்கு அது சோர்ந்து போயிருக்கும். கடைசியா 375-வது எடம்.

இதுல மொத மூணும் வேதியியலும் மருத்துவமும் சேர்ந்து உக்காந்தா தீரக்கூடியதுன்னுதான் நான் நெனைக்கிறேன். ஜெகன், உங்க ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடிக்கிட்டு இருந்தீங்கன்னா 375-ல ஹிஸ்டிடின் இருக்குற குழிக்கு டாக்கிங் (எந்த மூலக்கூறு எப்படிப் பொருந்தும்னு கம்ப்யூட்டர்ல பாக்குறது) பண்ணிப் பாருங்க, கிரிஸ்டல் அமைப்பு எல்லாம் புரோட்டீன் டேட்டா பேங்க்ல இலவசமாவே இருக்கு. குளோரின் வளையத்தோட அளவைக் குறைச்சு, குழியோட வாயிலயே பிடிக்கிற மாதிரி எதாவது அமையுதான்னு தேடுங்க. இன்பா புரத அசைவு பக்கம் உதவுவாரு, நான் வேதியியல் பக்கம் பாக்கறேன்.

ஜெகன்_பயோடெக்:
கண்டிப்பா அண்ணா, இன்னைக்கு நைட்டே அமைப்பை எறக்கிடறேன். எந்தெந்த அமைப்புன்னு தனி மெசேஜ்ல அனுப்புங்க.

இன்பா:
ஒட்டுன நிலை மட்டும் எடுக்காத ஜெகன், மூடுன ட்ரைமர் (மூணு மூணா சேர்ந்த முழு ஸ்பைக்) அமைப்பையும் சேத்து எடு. திறந்த ஜிபி120-ல நல்லா உக்கார்ற மூலக்கூறெல்லாம் மூடுன ஸ்பைக்குள்ள நுழையும்னு கட்டாயம் இல்ல, செல்லு மேல பெரும்பாலும் நிக்கிறது மூடுனதுதான்.